பிணைச்சலுக்குப் பூசிய தேங்காயெண்ணெய்

லொறியின் பின்தட்டு மடிகிற பிணைச்சலில் வெள்ளையாக ஏதோ உறைந்து கிடந்தது. பனி என்று நினைத்துக் கையுறையைக் கழற்றி நகத்தால் சுரண்டினேன். பனி என்றால் விரற்சூட்டில் உருகியிருக்கவேண்டும். இது நகத்துக்குள் மெழுகு மாதிரி ஏறி இருந்துகொண்டது.

அந்தக் குளிரில் மூக்கு வேலை செய்யாது. உள்ளங்கையில் வைத்துப் பொத்தி, வாயால் ஆவி ஊதி, பிறகுதான் மணந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய்.

திரும்பிச் சிவத்தைப் பார்த்தேன். சிவம்தான் அந்த லொறிக்குச் சொந்தக்காரர், அதை ஓட்டுபவரும் அவரே. நாற்பது வயது தாண்டியவர். இலையுதிர்காலத்தில்தான் பழைய லொறி ஒன்றை வாங்கித் தன் பாட்டில் தொழில் தொடங்கியிருந்தார்.

“சிவம், உதுக்கு என்ன பூசினனீர்?”

“எண்ணெய்தானக்கா. ஒரு மாதிரிக் கிறீச்சிட்டுது. அதுதான் நல்லாப் பூசிவிட்டனான்.”

“என்ன எண்ணெய்?”

அவர் முன்பக்கம் போய் ஒரு போத்தலோடு வந்தார். பச்சை மூடி. உள்ளே எண்ணெய் தெளிந்த தண்ணீராய் ஆடிக்கொண்டிருந்தது.

“பாருங்கோ, கலப்படம் இல்லாத சாமான். சைக்கிள் செயினுக்கு இதைத்தானே விடுறனாங்கள்.”

போத்தலை அவர் ஹீட்டர் காற்று வரும் துவாரத்துக்கு நேரே வைத்திருந்தார். அதனால் வண்டி ஓடும் நேரத்தில் அது ஒருநாளும் உறைந்ததில்லை. அந்த எண்ணெய் உறையும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. வீட்டில் அது உறைந்து கிடந்ததைக் கண்டதில்லையா என்று கேட்டேன். அங்கே மனைவி போத்தலைச் சுடுகாற்று வரும் இடத்தில்தான் வைப்பாராம். கோபிக்க வேண்டிய இடம்தான், ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போத்தலைப் பறித்து ஜக்கெற்றின் உட்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அது வீட்டுக் கேற் அல்ல

இந்தத் தொடரைப் படிக்கும் விட்பி நகரத்து வாசகி ஒருவர், “லிஃப்ட்கேற், லிஃப்ட்கேற் என்று எழுதுகிறீர்களே, அது என்ன, வீட்டுக் கேற்றா?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. லிஃப்ட்கேற் திருத்துவது என் தொழில் என்று சொன்னால் முதலில் எல்லாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும். ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் தன் வீட்டுப் படலைக்குப் பெயின்ற் அடிக்க எவ்வளவு காசு எடுப்பேன் என்று விசாரித்தார்.

லொறியின் பின்னால் ஒரு இரும்புத் தட்டு இருக்கும். பாரமான சாமானை அதில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் மெல்ல நிலத்துக்கு இறங்கும், மறுபடி ஏறும். ஒரு மோட்டர், ஒரு பம்ப், கொஞ்சம் எண்ணெய், ஒரு பட்டரி. விசயம் அவ்வளவுதான். வேலை முடிந்ததும் தட்டை நிமிர்த்தி மடித்து லொறியின் முதுகோடு சேர்த்துக் கொளுவிவிடுவார்கள்.

கொளுவிய தட்டு லொறியின் பின்கதவை முழுக்க மறைத்து நிற்கும். தட்டு கீழே விழுந்தால்தான் கதவு திறக்கும். அன்றைக்குத் தட்டு விழவில்லை. மடிக்கிற இடத்திலுள்ள பிணைச்சல் இரண்டும் இறுகிவிட்டன. லொறிக்கு வேறு கதவும் இல்லை.

உள்ளே இருந்தது ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்.

தவம் அண்ணை

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு வீட்டு வாசல். தை மாதத்து வெள்ளிக்கிழமை, மத்தியானம். வெயில் பளிச்சென்று எறித்தது. இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அந்த வெயிலை நம்பித்தான் ஏமாறுவார்கள். வானம் எவ்வளவுக்கெவ்வளவு நீலமோ, குளிர் அவ்வளவுக்கவ்வளவு கொடியது.

வீட்டுக்காரர் தவம் அண்ணை தொப்பியில்லாமல் வாசலில் நின்றார். அவருடைய மனைவி பவளம் அக்கா மாதக்கணக்காக ஆஸ்பத்திரியில் இருந்தவர். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று, தன்னை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி.

மூன்று மணிக்கு அவரைக் கூட்டிவர வண்டி ஒழுங்காகியிருந்தது. அதற்கு முன் கட்டிலை வீட்டுக்குள் பொருத்திப் பூட்டி முடித்து ஆஸ்பத்திரிக்கு அறிவிக்கவேண்டும். கட்டில் இல்லையென்றால் வண்டி வராது. அடுத்த வண்டி திங்கட்கிழமைதான்.

“திங்கள் மட்டும் பொறுங்கோ எண்டு லேசாச் சொல்லுவினம், பிள்ளை,” என்றார் தவம் அண்ணை. “அவைக்கு அது சனியும் ஞாயிறும். இவவுக்கு எத்தினை நாள் கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? பனி கரையும் மட்டும் இருந்தாப் பெரிய காரியம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.”

அவர் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபிக்கிற வாடிக்கையாளரைச் சமாளிக்க எனக்குத் தெரியும். கோபிக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பவரைச் சமாளிக்கத் தெரியாது. கருவிப் பெட்டியைத் திறந்தேன்.

சிவம் காலையில் மிசிசாகாவில் கட்டிலை ஏற்றியிருந்தார். ஏற்றிய இடம் கூரை போட்டு, சூடேற்றப்பட்ட கிடங்கு. அங்கே தட்டு வழுவழுவென்று மடிந்தது. தன் எண்ணெயின் மகிமை என்று அவர் மனத்துக்குள் மகிழ்ந்திருப்பார். பிறகு நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம். வீதியில் கொட்டிய உப்புச் சேறு பின்னால் விசிறி அடிக்க, எண்ணெய் உறைய, உறைந்த எண்ணெயில் சேறு ஒட்ட, வோபர்னுக்கு வந்து சேர்ந்தபோது பிணைச்சல் கல்லாகிவிட்டது. அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

ஹோஸ் பிணைத்த கை

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது படித்து அல்ல. மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் ஹோஸ்களுக்கு முனை பொருத்தும் வேலை செய்தேன். தடித்த கறுப்பு றப்பர்க் குழாய்கள், எண்ணெயை அழுத்தத்தோடு கொண்டுபோகிறவை. வேலைக்குப் போன புதிதில் அவை எங்கே போகின்றன, எதற்கு என்று ஒன்றும் தெரியாது. வருடக்கணக்காகப் பிணைத்த பிறகுதான், இதன் மற்றத் தலைப்பில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது.

பார்த்தேன். கேற் இருந்தது. பிடித்துப்போய்விட்டது. ஒரு பழைய வானும் கருவிகளுமாக வீடு வீடாக, கடை கடையாகப் போகத் தொடங்கினேன். “பொம்பிளையோ வந்திருக்கு?” என்று முதலில் கேட்டவர்கள் இரண்டாம் முறை “அக்கா, எப்ப வருவியள்?” என்று கேட்டார்கள். இப்போது ஸ்காபரோவில் என் பெயர் கேற் அக்கா. சொந்தப் பெயர் வரி கட்டும்போது மட்டும் ஞாபகம் வரும்.

பனி கொட்டும் மாரியில்தான் எனக்கு மூச்சுவிட நேரமில்லாத வேலை. குளிரில் பம்ப் எண்ணெய் பாகாகத் தடித்துப்போகும். எண்ணெய்க்குள் கொஞ்சம் தண்ணீர் இறங்கியிருந்தால் அது பனிக்கட்டியாகிக் குழாயை அடைக்கும். பட்டரிக்குப் பலம் போய்விடும். தெருவுக்குத் தெரு நின்று நின்று ஓடும் லொறியில் அது மறுபடி நிரம்பவும் மாட்டாது. உப்பு வயர்களை அரித்துப் பச்சைப் பொடியாக்கும்.

இதையெல்லாம் நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லாத நாளில்லை. குளிருக்கென்று விற்கிற எண்ணெயை மாற்றுங்கோ. வயர் முனைகளைத் துடைத்துக் கிறீஸ் பூசுங்கோ. காலையில் சாமான் ஏற்றமுதல் கேற்றை வெறுமையாக ஒருக்கா இறக்கி ஏற்றுங்கோ, எண்ணெய்க்குச் சூடு பிடிக்கட்டும். தலையாட்டுவார்கள். செய்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

பலசரக்குக்கடை அண்ணர் ஒருவர் என் பேச்சைக் கேட்காமல், கேற் இறுகியதும் கடையிலிருந்த கல்லுப்பைப் பொதியோடு உடைத்துப் பிணைச்சலில் கொட்டினார். வீதிக்குப் போடுகிறார்கள்தானே என்பது அவர் வாதம். பனி கரைந்தது உண்மைதான். இளவேனிலில் பிணைச்சலும் கரைந்து கையோடு வந்தது.

கெட்டிலோடு வந்தவர்

வோபர்ன் வாசலுக்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கார்த்திக் என்ற தம்பி, கோயம்புத்தூர்க்காரர், வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறவர். ஜன்னலால் எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார் போல. கையில் ஆவி பறக்கும் கெட்டில்.

“மேடம், சுடுதண்ணி கொண்டு வந்திருக்கேன். கேட் மேல ஊத்திடலாமா?”

“வேண்டாம் தம்பி. இப்பக் கரையும். பிறகு அந்தத் தண்ணியே உள்ளுக்கை இறங்கி இன்னும் இறுக்கும்.”

அவர் கெட்டிலைப் பார்த்தார். “அப்ப இதுல டீ போட்டுடறேன்.”

“டீ பிறகு. உங்களிட்டை நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் இருக்கோ?”

இருந்தது. அது மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு என் பாடு திண்டாட்டம்தான். ஹீற் கன் என்று ஒரு கருவி வைத்திருக்கிறேன், தலைமயிர் காயவைக்கும் கருவிக்குப் பெரியண்ணன் முறை. அதற்கு வானிலிருந்து கரண்ட் எடுப்பேன். அந்தக் குளிரில் வான் பட்டரியும் முனகத் தொடங்கியிருந்தது. தவம் அண்ணை வீட்டின் வெளிப் பிளக் வேலை செய்யவில்லை. கார்த்திக் தன் கராஜிலிருந்து வயரை இழுத்துப் பனிக்கு மேலால் கொண்டுவந்து தந்தார்.

நெருப்புக் கொளுத்திச் சூடாக்குகிற ஆட்களும் உண்டு. நான் செய்வதில்லை. பக்கத்திலேயே எண்ணெய்க் குழாய் போகிறது.

போர்வைக் கூடாரம்

ஹீற் கன்னைப் பிடித்தேன். காற்று சூடாகத்தான் வந்தது. ஆனால் வடக்கிலிருந்து வீசிய காற்று அதை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. ஊருக்கே சூடு கொடுத்துக்கொண்டு நின்றேன். பிணைச்சலுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

“சுத்தி மறைக்க வேணும். லொறியிலை கம்பளம் இருக்கோ, சிவம்?”

“இருக்கக்கா. உள்ளுக்கை.”

உள்ளே என்றால் பூட்டிய கதவுக்குப் பின்னால். ஒருவரையொருவர் பார்த்தோம். சிவத்தின் முகம் இன்னும் சிறுத்துவிட்டது. மனிதர் அதுவரை பத்துத் தடவையாவது மன்னிப்புக் கேட்டிருப்பார், என்னிடமும் தவம் அண்ணையிடமும், கடைசியில் கார்த்திக்கிடமும்.

தவம் அண்ணை உள்ளே போனார். ஒரு தடித்த போர்வையோடு வந்தார். சிவப்பும் நீலமுமாகப் பூப்போட்டது, புதிதாகத் தோய்த்த சவர்க்கார வாசம். யாருக்கென்று தோய்த்தது என்று நான் கேட்கத் தேவையில்லை.

“அண்ணை, இது வேண்டாம். ஊத்தையாப் போயிடும். வேற ஏதும் பழசு...”

“பிடி பிள்ளை. அவ வந்தால்தானே போர்க்கிறதுக்கு.”

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய.

முதலில் தட்டை நாடாவால் இறுக்கி லொறியோடு கட்டினேன். இறுகிய பிணைச்சல் விடும்போது சொல்லிக்கொண்டு விடாது, திடீரென்று விட்டால் தட்டு ஆளுக்கு மேலே விழும். பிறகு சிவம் ஒரு பக்கமும் தவம் அண்ணை மறுபக்கமும் போர்வையைப் பிடித்துக்கொள்ள, நான் அதற்குள் குந்தியிருந்து சூட்டைக் காட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் தெளிந்து, ஒரு சொட்டு வழிந்தது. பிறகு வாசம் வந்தது. போர்வைக்குள் எனக்கு மட்டும் என்று நினைத்தேன். வெளியே நின்ற கார்த்திக், “யாரோ தலைக்கு எண்ணெய் வச்ச மாதிரி வாசம் வருதே?” என்றார். சிவம் நிலத்தைப் பார்த்தார்.

துடைத்தேன், சூடு காட்டினேன், மறுபடி துடைத்தேன். கறுப்பும் வெள்ளையுமாகச் சேறு துணி துணியாக வந்தது. கடைசியில் கழுவுகிற திரவம் அடித்து, காயவைத்து, குளிருக்கான கிறீஸை ஏற்றினேன். நாடாவை மெல்ல மெல்லத் தளர்த்த, தட்டு ஒரு முனகலோடு எங்கள் பக்கம் சாய்ந்தது. மூன்று பேரும் தாங்கி லொறித் தளத்தின் மட்டத்துக்கு விரித்தோம்.

முதலில் வெறுமையாக

கதவு திறந்தது. உள்ளே கட்டில் கட்டிய கட்டுக் குலையாமல் நின்றது. தவம் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு அறிவிக்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது.

“தட்டிலை ஏத்துங்கோ, இறக்குவம்,” என்று சிவம் கட்டிலைப் பிடித்தார்.

“நில்லும். முதல் வெறுமையா ஒருக்கா இறக்கி ஏத்தவேணும்.”

“அக்கா, நேரம்...”

“தெரியும்.”

பொத்தானை அழுத்தினேன். தட்டு பாதி இறங்கி நின்றது. பம்ப் ஒருமுறை ஊளையிட்டு அடங்கியது. பட்டரிக்குத் தெம்பில்லை. கட்டிலை ஏற்றியிருந்தால் அந்த உயரத்தில் கட்டிலோடு தொங்கிக்கொண்டு நின்றிருக்கும். சிவம் கையை எடுத்துவிட்டார். பதறாத காரியம் சிதறாது என்பதை எங்கள் அம்மா எதற்கெடுத்தாலும் சொல்லுவா. அது எனக்குச் சின்ன வயதில் எரிச்சலூட்டிய வாக்கியம்.

வானைக் கிட்டக் கொண்டுவந்து இரண்டு பட்டரிக்கும் வயர் கொடுத்து, அதன் எஞ்சினை ஓடவிட்டேன். பம்பின் குரல் தடித்து, பிறகு மெலிந்து, பிறகு சீராகியது. இறக்கினேன், ஏற்றினேன். இரண்டாம் முறை இறங்கும்போது எங்கேயும் திக்கவில்லை.

கட்டில் பத்திரமாகப் பனியில் இறங்கியது. நாலு பேரும் சேர்ந்து உள்ளே கொண்டுபோனோம். சிவம் முன்னறையில் ஜன்னலோரமாக அதைப் பூட்டிய வேகத்தைப் பார்க்கவேண்டும். தவம் அண்ணை தொலைபேசியில் “ஓம், ரெடி, ரெடி” என்று இங்கிலிஷும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டு நின்றார். சொல்லி முடித்ததும் கட்டில் விளிம்பில் அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம்.

கார்த்திக் அப்போது டீ கொண்டுவந்தார்.

பவளம் அக்கா

நான் போயிருக்கவேண்டும். போர்வையை அவர்களுடைய மெஷினில் போட்டுத் தோய்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று நின்றுவிட்டேன். அதனால்தான் பவளம் அக்காவைக் கண்டேன்.

படுத்தபடி கொண்டுவந்தார்கள். கட்டிலுக்கு மாற்றி, தலையணை சரிசெய்து, வந்தவர்கள் போய்விட்டார்கள். சின்ன உருவம். அடர்த்தியான நரைமயிர், சிக்குப்பட்டுக் காய்ந்து, எலாஸ்ரிக் ஒன்றால் கட்டப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், மாற்றி உடுத்திவிட்டார்கள். தலைக்கு எண்ணெய் வைக்க அங்கே யாருக்கு நேரம்?

கதகதப்பான போர்வையைக் காலில் போட்டுவிட்டுக் குனிந்தபோது அக்கா என் கையைப் பிடித்தார்.

“என்ன மணக்குது?”

“எண்ணெய் அக்கா. தேங்காயெண்ணெய். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, கழுவியும் போகேல்லை.”

“கழுவாதை,” என்றார். கையை விடவில்லை. “எத்தினை நாளாச்சு உந்த மணம். என்ரை தலை ஓலை மாதிரிக் காஞ்சு போச்சு.”

அப்போதுதான் எனக்கு உட்பை ஞாபகம் வந்தது. போத்தலை எடுத்தேன். உடம்புச் சூட்டில் எண்ணெய் தெளிவாகவே இருந்தது. தவம் அண்ணையிடம் நீட்டினேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். உள்ளங்கையில் ஊற்றினார், கூடிப்போய் மணிக்கட்டால் வழிந்தது. பயந்து பயந்து உச்சியில் கையை வைத்தார்.

“இஞ்சருங்கோ,” என்றார் பவளம் அக்கா கண்ணை மூடியபடி. “கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை இண்டைக்குத்தான் என்ரை தலையிலை கை வைக்கிறியள்.”

“பேசாமல் கிடவும்,” என்றார் அண்ணை. கையை எடுக்கவில்லை.

நான் அடுக்களைப் பக்கம் போய் அழுதேன். அழுகைக்கு எந்தக் காரணமும் தேட விருப்பமில்லை. பிறகு முகம் கழுவிவிட்டு, சிவத்துக்குக் கிறீஸ் ரியூப் ஒன்றைக் கொடுத்து, இனி லொறிக்குள் சமையலறைச் சாமான் கண்டால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கட்டில் திரும்பிய நாள்

பனி கரைந்தது. புல் தெரிந்தது. மேப்பிள் மரங்கள் சிவப்பாகத் துளிர்த்து, இலை விரிந்து, வீதியெல்லாம் நிழலும் வந்தது.

ஒருநாள் சிவம் தொலைபேசியில் கூப்பிட்டார். வோபர்னுக்குக் கட்டிலை எடுக்கப் போகிறாராம். கேற்றுக்கு ஒரு குறையும் இல்லை, தனியப் போக ஒரு மாதிரி இருக்கிறது, நானும் வருவேனா என்று கேட்டார். போனேன்.

தட்டு சத்தமில்லாமல் விழுந்தது. சிவம் ஒருவரும் சொல்லாமலே வெறுமையாக ஒருமுறை இறக்கி ஏற்றினார். கோடையில் அது தேவையில்லை. நான் தடுக்கவில்லை.

கட்டில் ஏறிய பிறகு தவம் அண்ணை பச்சை மூடி போட்ட போத்தலைக் கொண்டுவந்து தந்தார். கழுவிக் கவிழ்த்துக் காயவைத்த வெறும் போத்தல்.

“உங்கடை சாமான், பிள்ளை. திருப்பித் தரவேணுமெல்லே.”

“முழுக்க முடிஞ்சுதோ அண்ணை?”

“ஓம். ஒவ்வொரு நாளும் வைச்சனான். கடைசியிலை நல்லா வைக்கப் பழகிட்டன் எண்டு அவவே சொன்னவ.” கட்டில் ஏறிய லொறிப் பக்கம் திரும்பினார். “இது முடிஞ்சு இன்னொண்டும் வாங்கினனாங்கள். அதிலை அரைவாசி கிடக்கு.”